இரண்டங்குலத் தண்ணீர்: பாத்ரூம் பைப் வழியாக நோய் பரவுவது எப்படி, தடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம். நான்கு மாடி, பதினாறு வீடு. சங்கத்தின் பராமரிப்புப் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது வந்த முதல் புகாரே சுருட்டு நாற்றம்தான். இரண்டாவது மாடி அக்கா வீட்டு பாத்ரூமில் ராத்திரியானால் சுருட்டு வாடை. அந்தக் கட்டடத்திலேயே சுருட்டு பிடிப்பவர் ஒருவர்தான், அவர் இருப்பதோ தரைத்தளம். ஜன்னல் வழியாக வருகிறது என்று அக்கா ஜன்னலை இறுக அடைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டார். நாற்றம் இரண்டு மடங்கானது.

வழக்கமாக வரும் பிளம்பர் அண்ணன் வந்து மூலையில் குத்தவைத்து, தரையில் இருந்த ஜாலியைத் தூக்கி, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். உள்ளே நாணி ட்ராப்பில், அதாவது தரை ஓட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டிய கிண்ணத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்த சோப்பு நுரையும் நாலு முடியும் ஒட்டிக்கிடந்தன. பைப் காற்றைத் தடுக்க அந்தத் தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்திருக்க வேண்டிய கப்பையும் காணோம். "அந்தக் கப்பை நான்தானுங்க சார் எடுத்துப் போட்டேன். முடி அடைச்சுக்கிட்டே இருக்குதுன்னு அக்காதான் எடுக்கச் சொன்னாங்க" என்றார். கீழே பெரியவர் வீட்டிலும் அதே கதை. அவர் விட்ட புகை அவர் வீட்டுத் தரை ஓட்டை வழியாகப் பொதுப் பைப்பில் இறங்கி, இரண்டு மாடி ஏறி, அக்கா வீட்டு ஓட்டை வழியாக வெளியே வந்திருக்கிறது. ஜன்னலை அடைத்ததும் ஃபேனுக்கு இழுக்க வேறு காற்று இல்லை, அதனால் பைப்பிலிருந்து உறிஞ்சியது.

சுருட்டுப் புகை வரும் வழியில் வேறு எதுவும் வரலாம். இந்த வழிகாட்டி அதைப் பற்றித்தான்.

ஹாங்காங்கில் நடந்தது

2003 மார்ச்சில் சார்ஸ் என்ற கடும் நுரையீரல் தொற்று பரவிக்கொண்டிருந்த நேரம். ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, ஷென்ஷெனிலிருந்து நோயோடு ஒருவர் வந்தார். தங்கியது இ பிளாக்கில். அவருக்கு வயிற்றுப்போக்கு இருந்தது, அங்கே கழிப்பறையைப் பயன்படுத்தினார். அடுத்த சில வாரங்களில் அந்தக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. 42 பேர் இறந்துபோனார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் இ பிளாக் வாசிகள்.

ஆராய்ந்தவர்கள் கண்டது இதுதான். அந்த வீடுகளில் பாத்ரூம் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கம் இல்லை, மாப் போட்டுத் துடைத்துவிடுவார்கள். அதனால் தரை ட்ராப்புகள் காய்ந்து கிடந்தன. சின்ன பாத்ரூம், பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன். கதவைச் சாத்தி ஃபேனைப் போட்டதும் கழிவுப் பைப்பின் காற்று நுண்துளிகளோடு உள்ளே வந்தது. ஃபேன் அதை வெளியே இரண்டு வீடுகளுக்கு நடுவிலிருந்த ஒடுங்கிய வெளியில் தள்ள, அங்கிருந்து மேலே ஏறி மற்ற வீட்டு ஜன்னல்களுக்குள் போனது. நான்காவது மாடியில் ஒரு வென்ட் பைப்பில், அதாவது கழிவுப் பைப்புக்குக் காற்று விடும் குழாயில், விரிசலும் இருந்தது.

கரோனா காலத்திலும் இதே தடயம் தெரிந்தது. 2020 தொடக்கத்தில் குவாங்சோவில் ஒரே பைப் வரிசையில் 15, 25, 27ஆவது மாடிகளில் இருந்த மூன்று குடும்பங்களில் ஒன்பது பேருக்குத் தொற்று. 15ஆம் மாடிக்காரர்கள் வூஹான் போய் வந்தவர்கள். அவர்கள் வீட்டுக் கழிவுப் பைப்பில் ஒரு வாயுவை விட்டுப் பார்த்தபோது அது 25, 27ஆவது மாடி பாத்ரூம்களில் வெளிப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஹாங்காங்கில் ஹாங் மெய் ஹவுஸ் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் பத்து மாடி வித்தியாசத்தில், நேர் மேலே கீழே இருந்த இரண்டு வீடுகளில் கரோனா. கீழ்வீட்டில் மராமத்து செய்தபோது வென்ட் பைப்பைத் திறந்தபடி விட்டிருந்தார்கள். நள்ளிரவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பயந்து பாத்ரூமைப் பூட்ட வேண்டியதில்லை. சளி, ஃப்ளூ, கரோனா, காசநோய், தட்டம்மை எல்லாம் பெரும்பாலும் ஒரே அறையில் ஒரே காற்றைச் சுவாசிப்பதால்தான் பரவுகின்றன. பைப் வழி அபூர்வமானது. கழிவில் கரோனாவின் மரபணுத் துணுக்கு கிடைப்பது வேறு, உயிரோடு வைரஸ் கிடைப்பது வேறு. ஆனால் இந்த அபூர்வ வழியை அடைக்க ஆகும் செலவு ஒரு சொம்புத் தண்ணீர்.

ட்ராப் என்ன செய்கிறது

வாஷ்பேசினுக்கு அடியில் குனிந்து பாருங்கள். பைப் நேராக இறங்காமல் 'ப' எழுத்து போல வளைந்து போகும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். கழிவு போகும், காற்று திரும்பி வராது. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர், கழிப்பறைக்கு இப்படி ஒரு வளைவைப் போட்டுக் காப்புரிமை வாங்கினார். இன்றுவரை அதைவிட மலிவான கதவு வரவில்லை. முறையான ட்ராப்பில் நிற்கும் தடுப்புத் தண்ணீரின் ஆழம் 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டங்குலம். கடையில் கிடைக்கும் மலிவான கப் வகை நாணி ட்ராப்பில் ஒரு விரற்கடைகூட நிற்பதில்லை. சித்திரை வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கக்கூஸ் கொல்லையில் இருந்தது. வெள்ளிக்கிழமையானால் வீடு முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அந்தப் பழக்கத்தில் ட்ராப் காய வழியே இல்லை. இப்போது நாமும் அமோய் கார்டன்ஸ்காரர்களைப் போல மாப்புக்கு மாறிவிட்டோம்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: ஓட்டைகளை எண்ணுங்கள்

ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு வீட்டில் தண்ணீர் வெளியே போகும் வாய்கள் எத்தனை என்று எழுதுங்கள். இரண்டு படுக்கையறை வீட்டில் நாங்கள் எண்ணியபோது பதினொன்று வந்தது. நாம் தினமும் பக்கெட்டில் மொண்டு குளிக்கும் பாத்ரூம் பிரச்சினையே இல்லை, அந்த ட்ராப் காயாது. மாட்டுவது மற்றவைதான்: விருந்தாளி பாத்ரூம், பால்கனித் தரை, சமையலறைத் தரையில் யாரோ வைத்துவிட்டுப் போன ஜாலி, வாஷிங் மெஷின் மூலை, மகன் பெங்களூரு போனதிலிருந்து யாரும் புழங்காத மாடி அறை பாத்ரூம்.

படி 2: தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்

ஜாலியைக் கழற்றி டார்ச் அடியுங்கள். வெளிச்சம் பட்டுத் தண்ணீர் மினுங்க வேண்டும். இருட்டாக இருந்தால் ட்ராப் காலி. கப் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ட்ராப்பே இல்லை என்று அர்த்தம்.

அப்புறம் வாஷ்பேசின். நெளிநெளியான பிளாஸ்டிக் வேஸ்ட் பைப்பை எந்த வளைவும் இல்லாமல் நேராகச் சுவர் ஓட்டையில் சொருகியிருப்பார்கள். நம் ஊரில் பாதி வீட்டில் இப்படித்தான். அதன் முனை தரை ட்ராப்புக்கு மேலே கொட்டினால் பரவாயில்லை. நேராகப் பொதுப் பைப்புக்குள் போனால் ஒரு பாட்டில் ட்ராப் வாங்கி மாட்டுங்கள். பைப்பும் ஓட்டையும் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள், அல்லது எம்-சீல் வைத்து அடையுங்கள். வாஷிங் மெஷின் பைப்புக்கும் இதே விதி.

படி 3: ஊதுபத்திச் சோதனை

பாத்ரூம் ஜன்னலையும் கதவையும் சாத்துங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். ஒரு ஊதுபத்தியை ஏற்றி, சுடரை அணைத்துவிட்டு, புகையைத் தரை ஜாலிக்கு ஒரு சாண் மேலே பிடியுங்கள். புகை நேராகவோ ஃபேன் பக்கமாகவோ போனால் நல்லது. ஜாலியிலிருந்து யாரோ ஊதுவது போல விலகி மேலே தள்ளப்பட்டால் அங்கே கதவு திறந்திருக்கிறது. வாஷ்பேசின் அடி, சுவரோடு பைப் சேரும் இடம் எல்லாவற்றிலும் இப்படிப் பாருங்கள். பாத்ரூமுக்குள் மட்டும்தான். செப்டிக் டேங்க், கழிவுப் பைப்புகள் வந்து சேரும் சேம்பர் தொட்டி பக்கம் நெருப்போடு போகக் கூடாது. அங்கே எரியும் வாயு இருக்கும்.

படி 4: காது கொடுங்கள்

மேல்வீட்டில் ஃப்ளஷ் செய்யும்போது உங்கள் பாத்ரூம் தரையில் "குளுக் குளுக்" என்று சத்தம் வருகிறதா? அது ட்ராப் தண்ணீர் உறிஞ்சப்படும் சத்தம். பெரிய பைப்பில் தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது பின்னால் காற்று வேண்டும். மொட்டை மாடி வென்ட் வழியாக அது கிடைக்காவிட்டால் உங்கள் ட்ராப்பை உறிஞ்சிக் காற்றை எடுத்துக்கொள்ளும். தரைத்தளத்தில் இதற்கு நேர் எதிராக, தண்ணீர் கொப்பளித்து மேலே வரும். இந்தச் சத்தம் இருந்தால் நீங்கள் எத்தனை சொம்பு ஊற்றினாலும் நிற்காது. பிரச்சினை மேலே இருக்கிறது.

படி 5: மொட்டை மாடிக்குப் போங்கள்

ஒவ்வொரு பைப் வரிசைக்கும் மாடியில் ஒரு வென்ட் பைப் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் பார்த்த கோளாறுகள் மூன்று. ஒன்று, கொசு வருகிறது என்று வாயில் பாலிதீன் பை கட்டியிருப்பார்கள். கொசுவுக்கு வலைதான் கட்ட வேண்டும், சுகாதாரப் பணியாளர்கள் சொல்வதும் அதைத்தான். பையும் மூடியும் காற்றை அடைத்துவிடும். இரண்டு, தகர ஷெட் போடும்போது இடைஞ்சல் என்று பைப்பை அறுத்துவிட்டு, ஷெட்டுக்குள்ளேயே வாய் திறந்தபடி விட்டிருப்பார்கள். மூன்று, மேலே இன்னொரு மாடி எழுப்பும்போது பழைய வென்ட்டை உயர்த்தாமல், புதுப் படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே விட்டிருப்பார்கள். மூன்றாவதுதான் மோசம். பைப்பை ஜன்னல் மட்டத்துக்கு மேலே, கூரையைத் தாண்டி ஏற்றுங்கள். நாலு அடி பைப்பும் ஒரு சாக்கெட்டும் போதும்.

போகிற போக்கில், பைப்புகள் இறங்கும் ஒடுங்கிய இடைவெளியான டக்டையும் எட்டிப் பாருங்கள். கக்கூஸுக்கு ஒரு பைப், குளியல் தண்ணீருக்கு ஒரு பைப் என்று இரண்டாக இறங்கினால் கொஞ்சம் நிம்மதி. குளியல் பைப் கீழே தரைமட்டத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் கல்லி ட்ராப்பில் விழும், நடுவில் இன்னொரு தண்ணீர்க் கதவு. ஒரே பைப்பில் எல்லாம் இறங்கினால் தரை ட்ராப்தான் ஒரே காவல்.

படி 6: நீலகிரித் தைலச் சோதனை

இது பழைய பிளம்பர்கள் புதினா எண்ணெயை வைத்துச் செய்த சோதனை. ஏற்காடு போனால் நீலகிரித் தைலம் கிடைக்காத கடை இல்லை என்பதால் நான் அதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் எல்லா வீட்டிலும் ட்ராப்புகளில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஃபேன்களை நிறுத்தி, பாத்ரூம் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லுங்கள். ஒருவர் மாடியேறி வென்ட் வாயில் நாலைந்து மேசைக்கரண்டித் தைலத்தை ஊற்றி, பின்னாலேயே ஒரு பக்கெட் வெந்நீரை ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிவிசி பைப் இளகிவிடும். ஊற்றியதும் வென்ட் வாயை ஈரத் துணியால் மூடிவிடுங்கள், சோதனை முடிந்ததும் மறக்காமல் எடுங்கள். பத்து நிமிடம் கழித்து வீடு வீடாகப் போய் மூக்கால் தேட வேண்டியதுதான்.

முக்கியமான விஷயம், ஊற்றினவர் கீழே இறங்கவே கூடாது. முதல் தடவை நானே ஊற்றிவிட்டு ஆர்வத்தில் இறங்கி வந்துவிட்டேன். என் கையிலும் சட்டையிலும் அடித்த வாசத்தில் பதினாறு வீட்டிலும் ஓட்டை இருப்பதாகத் தெரிந்தது. மறுவாரம் வாட்ச்மேனை மேலே நிறுத்திவிட்டு மறுபடி செய்தோம். மூன்று வீட்டில் வாசம் வந்தது. இரண்டில் கப் இல்லை. மூன்றாவதில் ட்ராப் நன்றாகவே இருந்தது. சுவருக்குள் போகும் பைப்பின் மூட்டில் ஒட்டும் சொல்யூஷன் வைக்காமல் வெறுமனே சொருகி, மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். மோப்பம் பிடிக்காமல் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

படி 7: சரிசெய்தல்

கப் போனால் புதுக் கப், ஆழமில்லாத ட்ராப் என்றால் தரையை உடைக்கும் அடுத்த மராமத்தில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும் ட்ராப். புழங்காத ஓட்டை வேண்டவே வேண்டாம் என்றால் மூடி போட்டு அடைத்துவிடுங்கள். ஓட்டை இல்லாவிட்டால் கவலையும் இல்லை. முடி அடைக்கிறது என்று கப்பை எடுக்காதீர்கள், மாதம் ஒருமுறை கப்பைக் கழுவுங்கள். ட்ராப்பில் தொங்கும் நீள முடியும் நூலும் திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை மெல்ல இழுத்துக் காலி செய்யும்.

சுத்தம் செய்யும்போது பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். செப்டிக் டேங்குக்குள்ளோ சேம்பருக்குள்ளோ ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கு மேல், உள்ளே இருக்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். லாரி வைத்து உறிஞ்சுங்கள்.

இதெல்லாம் ஆனபின் வாராவாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்கு முன் வீட்டிலுள்ள ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொம்புத் தண்ணீர். பங்குனி, சித்திரை, வைகாசியில் வாரம் இரண்டு தடவை. எங்கள் வீட்டில் இந்த வேலை என் பேத்தியுடையது. பதினொன்றையும் எண்ணிக்கொண்டே ஊற்றுவாள், ஒன்றை விட்டாலும் அவளுக்கே பொறுக்காது.

ஏற்காட்டில் பூட்டிக் கிடக்கும் வீடு

சேலத்தில் பலருக்கு மேலே ஒரு வீடோ காட்டேஜோ இருக்கிறது. கோடை விழாவுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை என்று இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்க் கதவைத் திறந்ததும் ஒரு வாடை அடிக்கும் பாருங்கள், அது பூட்டிய வீட்டு வாடை மட்டுமல்ல. எல்லா ட்ராப்பும் காய்ந்திருக்கும். பூட்டும்போதே தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் விட்டால் ஆவியாவது மெதுவாகும். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், அந்தக் குளிரில் உறைந்து ட்ராப்பை அடைத்துக்கொள்ளும். மருந்துக் கடையில் லிக்விட் பாரஃபின் கிடைக்கும், அது கெடாது, எறும்பும் வராது.

பூட்டிய வீட்டில் இன்னொரு ஆபத்து, கழிவுப் பைப்பில் அல்ல, நல்ல தண்ணீர்ப் பைப்பில். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் ராணுவத்தினர் கூடிய ஓட்டலில் தங்கியவர்களுக்கு விநோதமான நிமோனியா வந்து பலர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் காரணம் தெரிந்தது, லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா. வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீரில் வளரும். அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் அல்ல, ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்துளியைச் சுவாசிப்பதால் நுரையீரலுக்குள் போகிறது. சாதாரணமாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், புகைபிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், நுரையீரல் பலவீனமானவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அது நன்றாக வளர்வது ஏறக்குறைய 20 முதல் 45 டிகிரி வரை. சேலத்தில் ஏப்ரல் மத்தியானம் மொட்டை மாடி டேங்க் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், அந்தச் சூடுதான். ஏற்காட்டிலோ பாதிச் சூட்டில் நிறுத்திவிட்டுப் போன கீசர்.

ஆகவே திறந்ததும் நேராக ஷவரில் நிற்காதீர்கள். ஜன்னல்களைத் திறந்து, ஷவர் தலையைக் கழற்றிவிட்டு அல்லது பக்கெட் தண்ணீருக்குள் முக்கிவிட்டு, எல்லாக் குழாயையும் சில நிமிடம் ஓடவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள். கீசரை 60 டிகிரிக்கு வைத்துக் காய்ச்சி அந்தத் தண்ணீரையும் ஓடவிடுங்கள். குழந்தைகளை அண்ட விடாதீர்கள், அந்தச் சூடு தோலை உரித்துவிடும். போர்வெல் உப்புத் தண்ணீரில் ஷவர் தலை வெள்ளை பூத்துப் போயிருக்கும். அந்தப் பொருக்குக்குள்தான் கிருமி குடியிருக்கும், வினிகரில் ஊறவைத்துத் தேயுங்கள்.

டேங்கைத் தேய்த்துக் கழுவியபின் 1000 லிட்டருக்கு 200 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை பக்கெட்டில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ஒரு மணி நேரம் விட்டு, எல்லாவற்றையும் வடித்து, புதுத் தண்ணீர் நிரப்பி, வாடை போகும்வரை ஓடவிட்டபின் பயன்படுத்துங்கள். நடுவில் யாரும் குடிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

வீட்டில் நோயாளி இருந்தால்

முடிந்தால் அவருக்குத் தனி பாத்ரூம். ஃப்ளஷ் செய்யும்போது நுண்துளிகள் எழும்பும். 2022இல் அமெரிக்காவின் கொலராடோவில் பச்சை லேசர் அடித்துப் பார்த்தபோது, மூடியில்லாத கழிப்பறையிலிருந்து எட்டு விநாடியில் ஒன்றரை மீட்டர் உயரம் வரை போயின. வெஸ்டர்ன் டாய்லெட்டில் மூடியைப் போட்டுவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். தெறிப்பு குறையும், முழுதாக நிற்காது. இந்தியன் டாய்லெட்டுக்கு மூடி கிடையாது, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவதே நல்லது. அடுத்தவர் உடனே உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் விடுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாம், ட்ராப்பில் தண்ணீர் இருக்கிறது என்று பார்த்த பிறகு. ஜன்னலோ கதவடி இடைவெளியோ திறந்திருக்கட்டும். ஃபேன் பொது டக்டுக்குள் ஊதுகிறதென்றால் மேல்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, டக்ட் பக்கத்து ஜன்னலைச் சில நாள் சாத்தி வைக்கச் சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். கரோனா சமயத்தில் எங்கள் கட்டடத்தில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அந்தச் சுருட்டுப் பெரியவர்தான். தானே இரண்டாவது மாடி அக்காவுக்குப் போன் போட்டு, "ஜன்னலைச் சாத்திக்கம்மா, எனக்குப் பாசிட்டிவ்" என்றார். அக்கா முதலில் போய்ப் பார்த்தது ஜன்னலை அல்ல, தரையில் கப் இருக்கிறதா என்று.